முப்பத்தொரு பேர் கக்கிய உருண்டை

மலைக் குடில்
ஜூன் 9, திங்கள்

அக்காவுக்கு,

பேனாவை எடுக்கும் முன் மூன்று தடவை கை கழுவினேன். இன்னும் நாறுகிறது.

நேற்று மலையோட்டம் நடந்தது. அதை ஓட்டம் என்று இனி எவனாவது சொல்வானா தெரியாது. அடிவாரத்திலிருந்து நூற்றுப்பத்துப் பேர் கிளம்பினார்கள். இருபத்தோராவது கிலோமீட்டரில் நான் பார்த்துக்கொள்ளும் வனத்துறைக் குடில். இங்கே நின்று தண்ணீர் குடித்து, நீ அனுப்பிய பேரீச்சை உருண்டையில் இரண்டு தின்று, மேலே உச்சிக்கு ஏறித் திரும்ப வேண்டும். இதுதான் ஏற்பாடு. முதலில் வந்த பத்துப் பதினைந்து பேர் நிற்கவே இல்லை, பிழைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் கை நிறைய அள்ளினார்கள். அந்தப் பசியில் யாரும் மெல்லுவதில்லை அக்கா. அப்படியே விழுங்குகிறார்கள்.

முதலில் ஒரு பல் டாக்டர். கொஞ்ச தூரம் ஏறிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே என் செருப்பு அலமாரிக்குள் வாந்தி எடுத்தார். அதைப் பார்த்து இன்னொருவர். அந்த நாற்றத்தில் இன்னும் நாலு பேர். வாசலில், திண்டில், கம்பளிகளின் மேல், கைகழுவும் தொட்டியில். பழுப்பு நிறக் கூழ், அதில் அரைபடாத ஓட்ஸ். எண்ணினேன், முப்பத்தொரு பேர். வெயில் ஏறியதும் ஈ வந்தது. இவ்வளவு உயரத்தில் இத்தனை ஈ இருப்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும். ஒரு பெண் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "என்னங்க குடுத்தீங்க எங்களுக்கு?"

இதோடு முடிந்திருந்தால் கழுவிவிட்டுப் போயிருப்பேன். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறாரே, எல்லோரும் 'பெரிய வண்டி' என்று கூப்பிடுகிற அந்தம்மா, உனக்கும் தெரிந்தவர்தான். நாலு உருண்டை தின்றாராம். குடிலைத் தாண்டி இரண்டு கிலோமீட்டரில் தலை சுற்றி, இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் இறங்கி, கணுக்கால் முறிந்துவிட்டது. வயர்லெஸ்ஸில் ஆள் கேட்டுவிட்டு நானும் இன்னும் மூன்று பேரும் தூக்குக் கட்டிலில் கொண்டுவந்தோம். வழியில் இரண்டு தடவை என் தோளில் வாந்தி எடுத்தார். இரண்டு தடவையும் அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

எல்லோரும் போன பிறகு பெட்டியை மூக்கருகே கொண்டுபோனேன். பழைய பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் குப்பென்று வருமே, அந்த வாடை. காறிப்போன எண்ணெய் வாடை. என்ன போட்டாய் அதில்? உருட்டும்போது மூக்கைக் கழற்றி எங்கே வைத்திருந்தாய்?

பதில் எழுது. செவ்வாய்தோறும் சாமான் ஜீப் வருகிறது என்று உனக்குத் தெரியும்.

உன் தங்கை


வீடு
ஜூன் 12

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைச் சமையலறையில் வைத்துப் படிக்க முடியவில்லை. பால்கனிக்கு எடுத்துப் போனேன். கூடப் பிறந்த அக்காவுக்கு எழுதுகிற கடிதமா அது? எவளோ கடைக்காரிக்கு எழுதியதைப் போல இருக்கிறது.

என் மூக்கைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பால் திரியப் போகிறது என்று அடுப்பில் ஏற்றும் முன்பே சொல்கிறவள் நான். பேரீச்சை வாங்கப் போனால் மூட்டையைத் திறந்து முகர்ந்து, வேண்டாம் என்று திரும்பி வருகிறவள். அந்த அறுநூறு உருண்டைக்கும் ஒவ்வொரு வால்நட்டாக முகர்ந்துதான் போட்டேன். என் கையில் தப்பு இல்லை.

உன் தண்ணீரைப் பார். போன வருடம் தொட்டிக்குள் அணில் செத்து ஊறிக் கிடந்தது என்று நீயே எழுதினாய். நாலு நாள் அந்தத் தண்ணீரில் காபி போட்டுக் குடித்துவிட்டுப் பிறகுதான் பார்த்தேன் என்றாய். அதைப் படித்து எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நூற்றுப்பத்துப் பேருக்கு அந்தத் தொட்டியிலிருந்துதானே ஊற்றினாய்?

ஓட்டக் குழுச் செயலாளர் போன் செய்தார். நீ எனக்கு எழுதும் முன்பே அவரிடம் சொல்லிவிட்டாய் போல. விளையாட்டுச் சாமான் கடைக்காரர் 'அக்கா கை' என்று எழுதிய என் உருண்டை டப்பாக்களை எல்லாம் சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போனார், பெல் கூட அடிக்கவில்லை. கீழ்வீட்டுத் தையல்காரி என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோக்கிறாள். உன் மாமாதான் சொன்னார்: "விடு, தண்ணியாத்தான் இருக்கும்."

பெரிய வண்டிக்கு அடிபட்டதில் எனக்கு வருத்தம் இல்லை என்று நினைக்காதே. ஆனால் பழியை என் கையில் துடைக்காதே.

அக்கா


மலைக் குடில்
ஜூன் 17

அக்காவுக்கு,

ஜீப்பில் சாமான் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பிப் போவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சுகாதார ஆய்வாளர் வியாழக்கிழமை ஏறி வந்தார். தொட்டித் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு, என் எதிரிலேயே ஒரு டம்ளர் குடித்தும் காட்டினார். பரிசோதனை முடிவு வந்துவிட்டது, தண்ணீரில் ஒன்றும் இல்லை. தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனவர்களில் ஒருவருக்குக் கூட வாந்தி இல்லை. செயலாளரும் வந்தார். பெட்டி எப்போது வந்தது, எங்கே வைத்தேன், எப்போது திறந்தேன் என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை வந்தது, காய்ந்த அறையில் வைத்தேன், ஓட்டத்தன்று காலையில்தான் திறந்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இத்துடன் ஒரு டப்பா இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு உருண்டை, வெண்ணெய்த் தாளில் மூன்று சுற்று. மிச்சம் இருந்ததையெல்லாம் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். நீ ஒன்றும் செய்ய வேண்டாம். பிரித்து முகர்ந்து பார். என்ன வாடை என்று ஒரு வரி எழுது. நான் பொய் சொல்கிறேன் என்றால் அதையும் எழுது.

இன்னொன்று. கையைப் பற்றிப் பேசினாய். அந்தக் கை எது அக்கா? தேங்காய் போட்டால் வறண்ட தொண்டையில் மரத்தூள் மாதிரி நிற்கிறது என்று சொன்னது யார்? தேன் குளிரில் கல்லாகிப் பல்லை உடைக்கிறது, பேரீச்சையை வெந்நீரில் ஊறவைத்து மசி என்று சொன்னது யார்? ஏறும்போது வாய் முழுக்க இனிப்பு திகட்டிக் குமட்டும், உப்பைத் தூக்கலாகப் போடு, ஓட்ஸை வறுத்துப் போடு, ஒரே வாயில் அடங்குகிற மாதிரி உருட்டு என்று சொன்னது யார்? மூன்று வருடம் இந்த மலையில் ஏறி இறங்கித் தின்று பார்த்தவள் நான். ரேடியோவில் உன்னிடம் கேட்டார்கள். "எல்லாம் நானே யோசிச்சு செஞ்சதுங்க" என்றாய். இங்கே டவர் கிடைக்காது, ரேடியோ கிடைக்கும்.

தங்கை


வீடு
ஜூன் 20

சின்னவளுக்கு,

டப்பா வந்தது. பிரித்தேன். நீ ஒரு வரிதான் கேட்டாய். என்னால் அந்த ஒரு வரியை எழுத முடியவில்லை. அதனால் நிறைய எழுதுகிறேன்.

என்ன வாடை என்று எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல் வந்ததே, ஒன்பது நாள். அது இறங்கியபோது மூக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. முதலில் ஒன்றுமே இல்லை. காபி வெந்நீராக இருந்தது. வாழைப்பழம் நனைந்த துணியைக் கடிப்பது போல. ஒரு நாள் காஸை மூடாமல் துணி காயப்போடப் போய்விட்டேன். தையல்காரி கீழிருந்து கத்திக்கொண்டே ஓடி வந்தாள். சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அது பரவாயில்லை என்று சொல்ல வைத்தது அடுத்து வந்தது. ஏப்ரலில் வாசனை திரும்பியது, ஆனால் எல்லாம் தலைகீழாக. வெங்காயம் வதங்கினால் செத்த எலி நாற்றம். காபி சாக்கடை. சோப்பு, பல்பொடி, மழை பெய்த மண், எல்லாவற்றிலும் ஒரே அழுகல். உன் மாமா பட்டறையிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் எழுந்து போய்விடுவேன். அவர் இப்போது இரண்டு தடவை குளிக்கிறார், ஏன் என்று கேட்பதில்லை. நான் எட்டுக் கிலோ இறங்கிவிட்டேன். தண்ணீரும் உப்புப் போட்ட வெறும் உருளைக்கிழங்கும்தான் உள்ளே தங்குகிறது.

அந்த நிலையில்தான் உன் அறுநூறு உருண்டையை உருட்டினேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி வைத்துக்கொண்டு. நூறு உருட்டுவேன், வாளியில் குனிவேன், கை கழுவுவேன், மறுபடியும் உட்காருவேன். பேரீச்சை பிசையும்போது விரலுக்குள் அது நழுவுவதை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. எல்லாமே அழுகலாக நாறியதால் எது நிஜமாகவே கெட்டது என்று எனக்குத் தெரியவில்லை. வால்நட் பிப்ரவரியில் வாங்கிய மூட்டை. அடுப்புக்கு மேலே பரணில், சூட்டில் கிடந்தது. ஒவ்வொன்றாக முகர்ந்தேன் என்று எழுதினேனே, அது பொய். முகரவே இல்லை. வாயில் போட்டுப் பார்க்கவும் இல்லை.

நீ அனுப்பியதை உன் மாமாவிடம் நீட்டினேன். அவருக்குப் பேரீச்சை ஆகாது, அதனால் நான் செய்வதைத் தொடவே மாட்டார். கிரீஸ் பிடித்த கையால் வாங்கி மூக்கருகே கொண்டுபோனவர் சட்டென்று கையைத் தூர நீட்டினார்.

"என்னடி இது? பெயிண்ட்டா?"

"உருண்டை."

"இதையா ஜனங்களுக்குக் குடுத்தே?"

அவர் கத்தவில்லை. அந்த உருண்டையைப் பார்த்த மாதிரியே என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இருபது வருடத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். டப்பாவில் என் கை என்று எழுதி ஒட்டியிருக்கிறது. மூக்கில்லாதவள் கையை யார் நம்புவார்கள்? ஒரு மாதத்தில் சரியாகிவிடும், அடுத்த மாதத்தில் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். செயலாளருக்கு எல்லாவற்றையும் எழுதிப் போட்டுவிட்டேன். மூட்டையை நகராட்சி வண்டியில் கொட்டிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெரிய வண்டி வீட்டுக்குப் போகிறேன்.

ரேடியோவில் உன் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். மைக்கைப் பார்த்ததும் வாய் என்னையே சொல்லிவிட்டது. அதற்கு மூக்குக் காரணமில்லை.

அக்கா


மலைக் குடில்
ஜூன் 24

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ இப்படிக் கஷ்டப்பட்டது எனக்குத் தெரியாது. காய்ச்சலுக்குப் பிறகு இப்படி நிறையப் பேருக்கு வருகிறதாம், சுகாதார ஆய்வாளர் சொன்னார், ஒரு வருடத்தில் சரியாகிவிடுமாம். உடம்பைப் பார்த்துக்கொள். தப்பு எல்லோருக்கும் வரும். பெரிய வண்டி வீட்டுக்கு நீ போக வேண்டும் என்று அவசியம் இல்லை, கடிதம் போட்டால் போதும். அவர்களைப் போய்த் தொந்தரவு செய்யாதே.

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. கம்பளிகளை வெந்நீரில் போட்டு அலசினேன்.

தங்கை


வீடு
ஜூன் 27

சின்னவளுக்கு,

உன் கடிதம் எனக்குப் பிடிக்கவில்லை. போன இரண்டு கடிதமும் என்னைக் கிழித்தன, ஆனால் அவை உன்னுடையவை. இது யார் எழுதியது? ஏதோ ஆஸ்பத்திரி நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. நீ திட்டுவாய் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து முதுகை வளைத்துக்கொண்டு காத்திருந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள் என்கிறாய். இரக்கம் வேண்டாம், திட்டு. அதை வாங்கிக்கொண்டால்தான் எனக்குக் கொஞ்சம் இறங்கும்.

நீ போகாதே என்று எழுதியது கையில் கிடைக்கும் முன்பே போய்விட்டு வந்தேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. பெரிய வண்டி கட்டுப் போட்ட காலை ஒரு நாற்காலியில் வைத்து, இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவ்வளவு பெரிய ஆள், அந்தச் சின்ன அறையில் எங்கே திரும்பினாலும் இடிக்கிறது. இன்னும் மூன்று மாதத்துக்கு ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதாம். நிலையத்தில் டெலிபோன் எடுக்க உட்கார்த்தியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், மூக்கு, வாளி எல்லாம். கடைசி வரை குறுக்கே பேசாமல் கேட்டார்.

"உங்களால முகர முடியல. சரி. வேற யாரையாவது முகரச் சொல்லியிருக்கலாமே?"

"வெட்கமா இருந்துச்சு."

"உங்க வெட்கத்துக்கு என் கணுக்காலா?"

எழுந்தேன். கதவு வரை போன பிறகு கூப்பிட்டார்.

"ஒண்ணு கேக்கணும். பெட்டி மலையில அஞ்சு நாள் இருந்துச்சாமே. அங்க யாரும் ஒண்ணு எடுத்து வாயில போட்டுப் பாக்கலையா? நானா இருந்தா வந்த அன்னிக்கே தின்னிருப்பேன்."

"என் தங்கச்சி அப்படி இல்லீங்க. அடுத்தவங்களுக்கு வந்த சாமான்ல கை வைக்க மாட்டா. ஓட்டத்தன்னிக்கு வரைக்கும் திறக்கவே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கா" என்றேன். அந்த வீட்டில் நான் தலை நிமிர்ந்து சொன்னது அது ஒன்றுதான்.

அக்கா


மலைக் குடில்
ஜூலை 7

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஆறு நாள் ஆகிறது. ஆறு நாளும் இதை எழுதிக் கிழித்தேன்.

நான் திறந்தேன்.

ஜூன் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஜீப் போன கையோடு மேல் பெட்டியைப் பிரித்து ஒன்று எடுத்து வாயில் போட்டேன். இரண்டு கடி கடித்ததும் நாக்கு சுருண்டுவிட்டது. பின்வாசலுக்கு ஓடித் துப்பினேன். உப்புத் தண்ணீரில் மூன்று தடவை வாய் கொப்பளித்தும் அந்தக் காறல் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் வரை போகவில்லை. துப்பியதைக் குடில் நாய் முகர்ந்து பார்த்துவிட்டு, மூக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு போய்விட்டது. நாய் கூடத் தின்னாதது, அக்கா. மிச்சத்தை நான் மறுபடியும் வெண்ணெய்த் தாளில் சுற்றி, பெட்டியை மூடி, டேப் ஒட்டி வைத்தேன்.

ஐந்து நாள் இருந்தது. வயர்லெஸ்ஸில் கீழே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செயலாளர் ரொட்டியும் வாழைப்பழமும் ஏற்றி அனுப்பியிருப்பார். வயர்லெஸ் ஆபத்துக்கு மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நிஜக் காரணம் அது இல்லை. ரேடியோவில் உன் குரல் காதிலேயே இருந்தது. எல்லாம் நானே யோசிச்சு செஞ்சதுங்க. ஒரு தடவை அசிங்கப்படட்டும் என்று நினைத்தேன். நாலு பேர் வாயில் போட்டுவிட்டுத் தூ என்று துப்புவார்கள், அக்கா கை நாறுது என்பார்கள், உன் முகம் சின்னதாகப் போகும். அவ்வளவுதான் நினைத்தேன். துப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி வந்தவன் துப்ப மாட்டான், விழுங்குவான் என்பது எல்லோரையும் விட எனக்குத்தான் தெரியும். தெரிந்தும் அதை நினைக்காமல் பார்த்துக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. அன்றைக்குப் பெரிய வண்டி மூச்சு வாங்கிக்கொண்டே வந்து, ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு, "இது நல்லா இருக்கா?" என்று கேட்டார். மூக்குக்கு ஏதோ பட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எங்க அக்கா செஞ்சது" என்றேன். உடனே சிரித்துக்கொண்டே நாலு எடுத்துக்கொண்டார். உன் பேரை நம்பித் தின்றார்.

அவர் என் தோளில் வாந்தி எடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் குடிலைக் கழுவினேன். கழுவ வேண்டியது வேறு இடம். பிறகு உட்கார்ந்து உனக்கு அந்த முதல் கடிதத்தை எழுதினேன். எவ்வளவு நன்றாகத் திட்டினேன் பார். நீ முகர முடியாத நிலையில் செய்தாய். நான் ருசி பார்த்துவிட்டுக் கொடுத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தால் எனக்கும் இப்போது எல்லாம் நாறுகிறது. காய்ச்சல் எதுவும் வரவில்லை.

தங்கை


மலைக் குடில்
ஜூலை 28

அக்காவுக்கு,

மூன்று ஜீப் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நீ பதில் எழுத வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

சனிக்கிழமை லீவு போட்டுக் கீழே இறங்கினேன். செயலாளரைப் பார்த்து, அந்த வாக்குமூலம் பொய் என்று புதிதாக எழுதிக் கொடுத்தேன். இனிமேல் எந்த ஓட்டத்துக்கும் இந்தக் குடிலில் நிறுத்தம் கிடையாது என்றார். வனத்துறைக்கும் எழுதுவாராம். என் வேலையைப் பற்றி அவர்கள் அடுத்த மாதம் முடிவு செய்வார்கள்.

பெரிய வண்டி வீட்டுக்கும் போனேன். நீ உட்கார்ந்த நாற்காலியாக இருக்கும், அதைக் காட்டினார். நான் நின்றுகொண்டே சொன்னேன். முடித்ததும் என் முகத்தைப் பார்த்தார்.

"உங்க அக்காவுக்குத் தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ஆமாங்க."

"நான் கேட்டேன் இல்ல? நல்லா இருக்கான்னு உங்க மூஞ்சியைப் பாத்துத்தானே கேட்டேன்?"

"கேட்டீங்க."

"வெளிய போங்க. உங்களைப் பாத்தா அன்னிக்கு வயித்துல இருந்தது மறுபடியும் மேல வருது."

போனேன். படியில் இறங்கும்போது அவர் வாளியை இழுக்கிற சத்தம் கேட்டது. நிஜமாகவே வாந்தி வந்ததோ, வேறு எதற்கோ, தெரியாது.

அங்கிருந்து எங்கே போனேன் என்று உனக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம்.

தங்கை


வீடு
ஆகஸ்ட் 6

சின்னவளுக்கு,

தெரியும். வாசலில் வந்து நின்றாய். உன் இருமல் எனக்குத் தெரியாதா? பெல்லில் விரல் வைத்து வைத்து எடுத்தாய். கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். திறக்கக் கூடாது என்று நின்றேன். உன் மாமா எழுந்து வந்தார், கையைக் காட்டி நிறுத்தினேன். நீ இறங்கிப் போன பிறகு அவர், "பாவம்டி" என்றார். "உங்களுக்குப் பாவமா இருந்தா நீங்க பின்னாடியே போங்க" என்றேன். அவர் போகவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை.

உன் ஜூலைக் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏப்ரலிலிருந்து எனக்கு எல்லாம் நாறுகிறது. நல்லது, கெட்டது, பூ, குப்பை எல்லாம் ஒன்றுதான். அந்தக் கடிதத்தைப் படித்தபோது வந்த குமட்டல் வேறு மாதிரி இருந்தது. இது நிஜமாகவே கெட்டுப்போனது என்று உள்ளே சந்தேகமில்லாமல் தெரிந்தது. வாளியைத் தேடினேன். உருண்டையை முகர்ந்துவிட்டு உன் மாமா என்னைப் பார்த்தாரே, அப்படி அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். என் பேரைச் சொல்லி அந்தம்மா கையில் வைத்தாயே, அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உன் முகம் வேண்டாம் என்றிருக்கிறது. ஒளித்து எழுத எனக்கு இனித் தெம்பில்லை.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது.

பெரிய வண்டி வந்தார். ஊன்றுகோலைத் தட்டித் தட்டி இரண்டு மாடி ஏறி, வேர்த்துக் கொட்டிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். டம்ளரை முகர்ந்துவிட்டுத்தான் குடித்தார்.

"எங்க நிலையத்துல இருபது பேரை மலைப் பயிற்சிக்கு அனுப்புறாங்க. ரெண்டு நாள் ஏறி இறங்கணும். கடையில விக்கிற அந்தச் சத்து டியூப் பசையைத் தின்னா சளியை முழுங்குற மாதிரி இருக்கு, ஒருத்தனும் தொட மாட்டேங்குறான். கெடாத காலத்துல நீங்க செஞ்ச உருண்டை நல்லாத்தான் இருந்துச்சு. இருநூறு வேணும்."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று இருந்தது. "எனக்கு இன்னும் மூக்கு வரலைங்க" என்றேன்.

"தெரியும். அதனால ஒருத்தர் தின்னு பாத்துட்டு சரின்னு சொல்லணும். வால்நட்டை முதல்ல, அப்புறம் மாவை, அப்புறம் உருட்டினதை. மூணு தடவை."

"எங்க வீட்டுக்காரருக்குப் பேரீச்சை ஆகாது. கீழ்வீட்டு அம்மாவை வேணா கேட்டுப் பாக்கறேன்."

"அவங்க வேண்டாம். உங்க தங்கச்சியைக் கூப்பிடுங்க."

காலி டம்ளரை வாங்கி மேடையில் வைத்தேன்.

"அவ முகத்தைப் பாக்கப் பிடிக்கலைதான். எனக்கும் பிடிக்கல, உங்களுக்கும் பிடிக்கலைன்னு தெரியுது. ஆனா ரெண்டே கடியில கண்டுபிடிச்சிருக்கா. அந்த நாக்கு பொய் சொல்லல, அதை வாயில வெச்சிருந்தவதான் சொன்னா. இந்தத் தடவை நான் இதே இடத்துல உட்கார்ந்திருப்பேன். என் எதிர்ல மென்னு முழுங்கட்டும். நல்லா இருக்கான்னு மறுபடியும் கேப்பேன்."

சொல்லிவிட்டு ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

புது வால்நட் வாங்கி வைத்திருக்கிறேன். உடைக்கவில்லை. பதினாறாம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வா. விளக்கம் எதுவும் கொண்டு வராதே, அழுதுகொண்டும் வராதே. அழுதால் ருசி தெரியாது. நான் உன்னோடு என்ன பேசுவேன், பேசுவேனா என்றே எனக்குத் தெரியாது. மன்னிப்பதற்காகக் கூப்பிடவில்லை. அது எனக்கு எப்போது வருமோ, மூக்கைப் போலத்தான், வரும்போது வரட்டும்.

இருநூறு உருண்டை உருட்ட வேண்டும். எனக்கு ஒரு வாய் வேண்டும்.

அக்கா